அக்கா கேட்ட பெயர்

தையல் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். காஜா எடுக்கும் அக்காவுக்கு இது எட்டாம் மாதம். போன தடவை நாங்கள் கூடிப் பேசிப் பெயர் வைத்த மகள் தங்கவில்லை. அதனால் இம்முறை யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அக்காவே கேட்டாள். "என்னடி, வாய்க்குப் பூட்டா போட்டிருக்கீங்க? பேர் சொல்லுங்க."

"பொறக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இழுத்தேன்.

"உள்ள இருந்து உதைக்குதே, அத நான் என்னன்னு கூப்பிடுறது? இன்னிக்கே சொல்லணும்."

பட்டன் தைப்பவள் தயங்கினாள். "பொண்ணுன்னா, அதே பேரையே வச்சிடலாமா?"

"அது அவ பேரு. யாருக்கும் குடுக்க மாட்டேன். இதுக்குப் புதுசா சொல்லு."

எனக்குத் தைரியம் வந்தது. "உங்க மாமியார் பேரு?"

"அத வச்சிட்டு எப்படிடி அதட்டுறது? அடுத்தது சொல்லு."