அன்பரசியின் லேப்டாப்புக்கு ஒரு சாம்பிள் கதை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆர்டரின் பேரில் எழுதுகிறேன். ஆர்டர் கொடுத்தவள் அன்பரசி. விருத்தாசலத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு. பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. நான் கருவேப்பிலங்குறிச்சியில் தமிழ் எடுக்கிற டீச்சர். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதை லேப்டாப்பில் எழுதுகிறேன் என்கிற ஒரே காரணத்துக்காக, லேப்டாப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெரு நம்புகிறது. இட்லி சாப்பிடுகிறவரிடம் போய்க் கிரைண்டர் ரிப்பேர் கேட்பது மாதிரிதான் இது. ஆனாலும் நான் மறுத்ததில்லை. மரியாதை கிடைக்கிற இடத்தில் யார்தான் மறுப்பார்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள்.

"அக்கா, லேப்டாப் வாங்கப் போறேன். சின்னது வாங்கட்டா, பெருசு வாங்கட்டா?"

சின்னது, பெருசு என்று அவள் சொன்னது அளவை அல்ல. ஜங்ஷன் ரோட்டில் ஜியாவுதீன் பாய் கடையில் இரண்டு மெஷின் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று காலேஜ் பிள்ளைகள் வாங்குகிற விலை குறைந்தது. இன்னொன்று வேகமானது, கிராஃபிக்ஸ் கார்டும் நிறைய ரேமும் உள்ளது, விலையும் இரண்டு மடங்குக்கு மேல்.

பாண்டிச்சேரியில் ஒரு கொலு பொம்மை வியாபாரி அவளை ஒரு கல்யாண செட் வடிவமைத்துக் காட்டச் சொல்லியிருந்தார். பெண், மாப்பிள்ளை, நாதஸ்வரக்காரர், தவில்காரர், சமையல்காரர், எல்லாமே கம்ப்யூட்டரில். ஆடி பிறப்பதற்குள் காட்டி, அவருக்குப் பிடித்துவிட்டால், இனி வருஷா வருஷம் புது செட்டெல்லாம் அன்பரசி வடிவமைப்பதுதான். பிடிக்காவிட்டால்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

"பெருசு வாங்குனா சேத்து வச்சது மொத்தமும் பூடும். அப்பறம் யூனிட் வேலைய வுட முடியாது. சாயங்காலம்தான் உக்கார முடியும். சின்னது வாங்குனா, மிச்சத்த வச்சி ஆடி வரைக்கும் வூட்ட ஓட்டிரலாம். வேலைய வுட்டுட்டு நாள் பூரா உக்காரலாம். ஆனா அந்த மெஷினு தாங்குமான்னு தெரியல" என்றாள்.

வேகம் வாங்கினால் நேரம் இல்லை. நேரம் வாங்கினால் வேகம் இல்லை. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. எழுதிப் பாருங்க" என்றாள்.

"எதை?"

"நான் சின்னது வாங்குன மாதிரி ஒண்ணு, பெருசு வாங்குன மாதிரி ஒண்ணு. எது எப்புடி ஆவுதுன்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்."

2

அவளுக்கு இது விளையாட்டல்ல. அவர்கள் தொழிலில் அப்படித்தான். புது கிளேஸ்* கலந்தால் உடனே மொத்தப் பொம்மைக்கும் பூசிவிட மாட்டார்கள். சின்னத் துண்டு ஒன்றில் பூசி, வேறு யாராவது சூளையில் சுட அடுக்குகிற லோடில் ஓர் ஓரமாக வைத்து எடுப்பார்கள். அதுதான் சாம்பிள். இடம் கொடுத்தவர் அதற்குக் காசு வாங்குவதில்லை. அன்பரசி என் லோடில் தன் சாம்பிளை வைக்கக் கேட்டாள். அவ்வளவுதான்.

* பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற பூச்சு. சூளைக்குப் போகும்போது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். வெளியே வரும்போது என்ன நிறமாக வரும் என்பது முதல் தடவையில் யாருக்கும் தெரியாது.

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். "இதுக்கு எவ்ளோ தருவாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "நம்ம ஹெச்.எம்மப் பத்தி எழுதிடாதீங்க டீச்சர்" என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஏணி கேட்பது மாதிரி, ஒரு வேலைக்கு ஆகும் என்று நம்பி யாரும் என்னிடம் கதை கேட்டதில்லை. நன்றி என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். டீ போடட்டுமா என்றுதான் கேட்டேன்.

3

முதல் சாம்பிள். சின்னது.

அன்பரசி விலை குறைந்த லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, மழை பெய்துகொண்டிருந்த

(வேண்டாம். மழை எதற்கு? விருத்தாசலத்தில் பங்குனியில் எங்கே மழை?)

அன்பரசி விலை குறைந்த லேப்டாப்பை வாங்கினாள். யூனிட்டில் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். மகள் ஸ்கூலுக்குப் போனதும் உட்கார்ந்தால், அவள் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. பெண் வந்துவிட்டாள், மாப்பிள்ளை வந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் வந்ததும் மெஷின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவரை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, அடுப்பில் பால் வைத்து, காய்ச்சி இறக்கிவிட்டு வந்தால் பாதிதான் திரும்பியிருப்பார். தவில்காரர் வந்து உட்கார்ந்ததும் மெஷின் நின்றே போனது. மறுபடி திறந்தபோது மொத்தக் கல்யாணமும்

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சந்தேகமாகவும் இருந்தது. மெஷின் நின்றால்தான் கதை நகரும். நிற்காமல் ஓடினால் எனக்கு எழுத ஒன்றுமில்லை. என் கதை நன்றாக வருவதற்காக அன்பரசியின் கல்யாண செட்டைக் காலி செய்வது எந்த ஊர் நியாயம்?

4

இரண்டாம் சாம்பிள். பெருசு.

அன்பரசி வேகமான லேப்டாப்பை வாங்கினாள். நாதஸ்வரக்காரர் விரல் பட்டதும் சுழன்றார். ஐந்து பேரையும் ஒன்றாக நிற்கவைத்தாலும் தாங்குகிற மெஷின் அது. ஆனால் அன்பரசி யூனிட்டிலிருந்து வரும்போதே பொழுது சாய்ந்துவிடுகிறது. பகலெல்லாம் நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்குக் கண் எழுதிக் களைத்த கண்ணோடு, சமைத்து, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, லேப்டாப்பைத் திறந்தால் சமையல்காரரின் கரண்டியில் ஒரு வளைவு போடுவதற்குள் தலை சாய்ந்துவிடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷின், தூசி விழாமல் துண்டு போர்த்திக்கொண்டு மூலையில் காத்திருந்தது. ஆடி பிறந்தது. கல்யாணத்தில் இன்னும் மாப்பிள்ளையே

இதுவும் நின்றுவிட்டது.

4-க்குப் பின் குறிப்பு

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். அதில் தெருவில் குடியிருக்கும் ஒரு டீச்சர், அன்பரசியிடம் போய், "பெருசே வாங்கு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அந்த டீச்சர் கண்கலங்குகிறார். அன்பரசி கண்கலங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இரண்டு பேர் கண்கலங்குகிறார்கள். அழித்திருக்கலாம். சோம்பலில் விட்டுவைத்தேன்.

5

அடுத்த ஞாயிறு அன்பரசி வந்து, என் லேப்டாப்பில் மூன்றையும் படித்தாள். சில இடங்களில் உதடு அசைந்தது. நான் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவதுல வர்ற டீச்சர் ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. யாருக்கா அவங்க?"

"யாரோ."

"நம்ம தெருவுல அப்புடி யாரும் இல்லியே" என்று சிரித்தாள். நான் அந்தப் பத்தியை அப்போதே அழிக்கப் போனேன். வேண்டாம், படிக்க நல்லாருக்குது என்றாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணு சொல்லட்டா? கண்ணு எழுதுறத ரொம்ப சோகமா எழுதிட்டீங்க. அது எனக்குப் புடிச்ச வேலக்கா. கண்ணு வச்சதும் அதுங்க என்னையப் பாக்கும். சலிச்சுப்போய் நான் டிசைனுக்குப் போவல. உருவமும் நானே பண்ணணும்னு ஆச. அதான்" என்றாள்.

இதைக் கதைக்குள் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"மன்னிச்சுக்க அன்பு. ரெண்டு சாம்பிளும் வெடிச்சுப்போச்சு" என்றேன்.

"அதுக்கு ஏங்க்கா மூஞ்ச இப்புடி வச்சிருக்கீங்க? சாம்பிள் வெடிச்சா நாங்க சந்தோஷப்படுவோம். எந்த எடத்துல வெடிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சில்ல?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. இத்தன பேரையும் ஒண்ணா நிக்க வச்சதாலதான் மெஷினு நின்னுச்சு. ஒவ்வொருத்தரா தனியா செஞ்சா சின்னதே தாங்கும். எல்லாரையும் சேத்து ஒரு தடவ பாக்கணும்னா, நான் டிசைன் கத்துக்கிட்ட கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டா அரை நாள் மெஷினு குடுப்பாங்க. ரெண்டாவதுல வெடிச்சது சாயங்காலத்துல. மொதலாளிகிட்ட, காலைல மட்டும் வரேன், பாதிச் சம்பளம் போதும்னு கேட்டுப் பாக்கலாம். இது எனக்குத் தோணவே இல்லக்கா."

மறுநாளே கேட்டாள். முதலாளி சரியென்றுவிட்டார். ஆக, இரண்டு வழியும் திறந்துகொண்டது. எது என்ற கேள்வி மட்டும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருந்தது.

6

நேற்று சாயங்காலம் கடைக்குப் போனோம். ஜியாவுதீன் பாய் இரண்டு பெட்டியையும் மேசைமேல் வைத்து, என்னைப் பார்த்தார்.

"டீச்சரே வந்துட்டாங்க. நீங்க சொல்லுங்க மேடம், தங்கச்சிக்கு எதப் போடலாம்?"

பதில் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருப்பாள். ஆடியில் நன்றாக வந்தால் என் பெருமை. வராவிட்டால் அவள் பாடு. நான் வெளியே வந்து பஸ் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். திட்டக்குடி பஸ் ஒன்று போனது.

கொஞ்ச நேரத்தில் அன்பரசி ஒரு பெரிய துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் ஏறியதும், "அக்கா, நான் எத" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாத. தெரிஞ்சா, நீ வாங்கினதுதான் சரின்னு கதைய வளைச்சிடுவேன்."

"இன்னும் முடிக்கலியா?"

"நீ முடிச்சாத்தானே?"

"முடிவ மட்டும் எழுதாதீங்கக்கா" என்றாள். கெஞ்சுகிற குரலில் இல்லை. யூனிட்டில் புதிதாய்ச் சேர்ந்தவளுக்கு வேலை சொல்கிற குரல். "ஆடில எப்புடி வருமோ, நானே பாத்துக்கறேன்."

அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பயத்தை எனக்குக்கூடப் பங்கு தரவில்லை. வழி முழுவதும் பை அவள் மடியிலேயே இருந்தது.

7

இன்று சனிக்கிழமை. எனக்கு ஸ்கூல் லீவு. யூனிட்டுக்கு லீவு கிடையாது. எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். அதற்கு வெளியே தெரு. யூனிட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. பெருசு வாங்கியிருந்தால் அன்பரசி இன்னும் சற்று நேரத்தில் டிபன் பையோடு இந்தப் பக்கம் போவாள். சின்னது வாங்கியிருந்தால் போக மாட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. முடிவை எழுத வேண்டாம் என்றாள். பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. அன்பரசி, உனக்கு என் நன்றி. என் கதையை ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டாய். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாய். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

ஆனால் வாசகரே, உங்களிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உட்காருங்கள். எதைப் பார்த்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவள் போனால் என் சார்பில் கையை ஆட்டுங்கள். போகவில்லையென்றால், தெருவின் கடைசி வீட்டுப் பக்கம் ஆட்டுங்கள். அவள் பார்க்க மாட்டாள், வேலையில் இருப்பாள். ஆனாலும் ஆட்டுங்கள்.