தாய்மாமன் வந்துகொண்டே இருக்கிறான்

திலகவதியின் தம்பி சுடலைமுத்து மஸ்கட்டிலிருந்து வந்து வாசற்படியில் நின்றபோது, தெருக்கோடியில் எந்த அளவுக்குத் தெரிந்தானோ அதே அளவில்தான் இருந்தான். உழக்கு உயரம். தூரத்து மலைக்கு இருக்குமே, அந்த நீலம் உடம்பெல்லாம். முகம் இருந்தது, அதில் கண் எது, மூக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி.

தூரம் போகிற மனுஷன் சிறுத்துப்போவதும், திரும்பி வரவர வளர்வதும் ஊர் உலகத்தில் நடப்பதுதானே. ஸ்டேஷன் ரோடு அந்த ஊரில் நூல் பிடித்தாற்போல ஓடும். இரண்டு ஓரமும் ரயில்வே கேட் பக்கத்தில் போய் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அந்த முனையில் கடுகாகத் தோன்றுகிறவர்கள் அரிசி ஆலையைத் தாண்டும்போது முழு ஆளாகிவிடுவார்கள். இவனுக்கு வளர்த்தி உழக்கோடு நின்றுவிட்டது. வெகுதூரம் போனவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு நாளாக இருந்தால் திலகவதியும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். அன்றைக்குக் குழலிக்குக் காதுகுத்து. மூன்று வயதுப் பிள்ளை, தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். திலகவதிக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருப்பது இந்த ஒரு தம்பி. வெள்ளிக்கிழமை வேறு. ராகு காலம் பிறப்பதற்குள் மடி வேண்டும். புருஷன் வீட்டு ஆட்கள் ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

புருஷனின் அக்கா சண்முகவடிவு குனிந்து அவனை நன்றாகப் பார்த்தாள்.

"வந்தவரைக்கும் சந்தோஷம். மடி எங்கே?" என்றாள்.

"இருக்கு மதினி. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கிறதுக்கு என்ன. இல்லைன்னா எங்க சித்தப்பா மகன் இருக்கான். நல்ல அகலமான மடி."

வேறொருத்தன் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், திலகவதி கேட்பார் இல்லாதவள் என்று அன்றோடு முடிவாகிவிடும். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அந்த வீட்டில் அவள் பேச்சு அம்பலம் ஏறாது. தம்பியைப் பித்தளைத் தாம்பாளத்தில் தூக்கி வைத்தாள். வைத்த பிறகும் அவன் கால்கள் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

"உட்காரேன்டா," என்றாள்.

அவன் என்னமோ சொன்னான். காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"வந்துக்கிட்டுதான்க்கா இருக்கேன்."

ஆள் அனுப்பி டிராயிங் மாஸ்டர் ஞானதிரவியத்தைக் கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பூச்சாடி வரையச் சொல்லிவிட்டுத் தூங்குகிற மனுஷன்தான். ஆனாலும் இந்த மாதிரிக் கேஸ்களை ஊரில் அவரைவிட்டால் பார்க்க ஆளில்லை. காபி வந்து, அதைக் குடித்து முடித்த பிறகே தாம்பாளத்துப் பக்கம் திரும்பினார்.

"கோடெல்லாம் கலைஞ்சு கிடக்கு," என்றார்.

கரித்துண்டால் சுடலைமுத்துவைச் சுற்றி ஓரம் கட்டினார். தோள் எங்கே முடிகிறது என்று கேட்டார். இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்றாள் திலகவதி. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது. அதன்படி போட்டதும் வடிவம் வந்துவிட்டது. நிறத்துக்குத்தான் தகராறு. "கறுப்புதானே," என்று சண்முகவடிவு முந்திக்கொண்டாள். மாநிறம் என்றாள் திலகவதி. மாஸ்டர் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் குழைத்து நீலத்தின்மேல் பூசினார். அதுவரைக்கும் சுவரொட்டிபோலத் தட்டையாக இருந்தவனுக்கு ஒரு பக்கம் வெளிச்சம் விட்டு மறுபக்கம் இருட்டடித்ததும் கன்னமும் வயிறும் திரண்டு வந்தன. தாம்பாளத்தில் நிழல்கூட விழுந்தது. கடைசியாகக் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு முகவாயில் தாடியின் சொரசொரப்பை வைத்தார்.

அப்போதுதான் திலகவதி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் புதிதாக இரண்டு கோடு. காதோரம் நரை. வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. பாவம், எங்கேயோ வெயிலில் நடக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அளவு அதே உழக்குதான்.

"கோடு, வடிவம், நிறம், நிழல், சொரசொரப்பு. என் கையில உள்ளதெல்லாம் செஞ்சாச்சு. இடைவெளி என் கையில இல்லம்மா. அது நடக்கிறவங்க நடந்து தீர்க்க வேண்டியது."

பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தார். "இந்த நடைக்கு ஆவணி ஆயிடும்."

"ராகு காலம் வந்திரும் சார்."

"அப்போ பிள்ளையை அங்கே அனுப்புங்க. அவ்வளவு தூரம் போனா ரெண்டு பேரும் ஒரே கணக்குதானே."

சொல்வதற்கு அவருக்கென்ன. பெற்றவளுக்கல்லவா தெரியும். போன தம்பியே இப்படி வந்து நிற்கிறான், பிள்ளையையும் அனுப்பு என்றால்? திலகவதி மதினியைப் பார்த்தாள். மதினி, சித்தப்பா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேட்டியைச் சரிசெய்து சம்மணம் போட்டுத் தயாராக இருந்தான்.

"ஏங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. கையை விட்டிராதீங்க," என்றாள் புருஷன் பரமசிவத்திடம்.

வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் தாம்பாளத்தை வைத்தார்கள். அப்பனும் மகளும் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். அரிசி ஆலையைத் தாண்டியதும் குழலி சிறுக்க ஆரம்பித்தாள். ஆரஞ்சு நிறப் பட்டுப்பாவாடை வெளுத்துச் சாம்பலாகி நீலமானது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்; அந்த முகத்தில் கண்ணும் மூக்கும் சேர்ந்து கலைந்துபோயிருந்தன. போதும் என்று சொல்லத் திலகவதி வாயெடுத்தாள். "இன்னும் கொஞ்சம்," என்றார் மாஸ்டர்.

கேட் பக்கத்து மைல்கல்லில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் பரமசிவம் கல்லுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மாஸ்டர் தாம்பாளத்தை ஒரு விரல் அளவுக்கு நகர்த்தினார். எல்லோரையும் ஒரு கண்ணை மூடச் சொன்னார். மூடினார்கள். குழலி மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு கண்ணையும் திறந்து பார்த்தா மடி காலியால்ல இருக்கு," என்றாள் சண்முகவடிவு.

"விசேஷ வீட்டுல எதுக்கு மதினி ரெண்டு கண்ணு. ஒண்ணை மூடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மூடினாள்.

சுடலைமுத்துவின் கால்கள் நின்றன. மடியைக் குனிந்து பார்த்து, பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டான். தங்க வேலை செய்யும் உலகநாத ஆசாரி ஊசியை எடுத்து, இடது கண்ணை மூடியபடி அந்தச் சின்னக் காதில் குத்தினார். அடுத்த காதிலும் குத்தினார். குழலியின் வாய் கோணித் திறந்தது. சத்தம் வரவில்லை. தூரம் அப்படி. ராகு காலத்துக்கு முன்னால் காரியம் முடிந்தது.

பரமசிவம் வேகவேகமாக நடந்து, வளர்ந்து, முழு ஆளாக வீட்டுக்குள் வந்தார். இரண்டு கையும் வெறும் கை.

"பிள்ளை எங்கே?" என்றாள் திலகவதி.

"மடியிலதானே உட்கார வச்சோம்," என்றார் அவர்.

தாம்பாளத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். குழலி மாமன் மடியில்தான் இருந்தாள், புதுக்கம்மல் போட்டுக்கொண்டு, அவன் தாடியைப் பிடித்து இழுத்தபடி. சண்முகவடிவும் வந்து பார்த்தாள். மடி காலியாக இல்லை. மாமனுக்குச் சந்தனம் கொண்டுவரச் சொன்னாள்.

திலகவதி, ஜெயித்த கையோடு பிள்ளையைத் தோற்றுவிட்டோமோ என்று நின்றாள். "எந்திரிச்சு வாடா, சீக்கிரம் வா," என்று தாம்பாளத்தின்மேல் குனிந்து கெஞ்சினாள். சுடலைமுத்து எழுந்தான். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தான். முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்தான். சுமை இருக்கிறதல்லவா.

மாஸ்டர் பிரஷ்களைக் கழுவினார். கொல்லைப்பக்கம் பந்திக்கு இலை போட்டார்கள். எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் மட்டும் வாசலில் இருந்தாள்.

அப்போது கேட் பக்கமிருந்து குழலியின் அழுகை கேட்டது. கொசு ரீங்கரிக்கிற அளவுக்குத்தான் முதலில் இருந்தது. ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. அழுகை மட்டும் விக்கி விக்கி வந்துகொண்டிருந்தது. வரவரப் பெரிதானது. வாசலுக்கு வந்தபோது மூன்று வயதுப் பிள்ளையின் முழு அழுகையாக இருந்தது.

திலகவதி இறங்கி ஓடி அந்த அழுகையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இல்லடா கண்ணு, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு," என்று தட்டிக்கொடுத்தாள். தோளில் சாய்த்து, வாசலுக்கும் நடைக்குமாக உலாத்தினாள். விசும்பல் மெல்ல மெல்லக் குறைந்தது.

"திலகா, சாப்பிட வரலையா?" என்று உள்ளேயிருந்து சண்முகவடிவு கூப்பிட்டாள்.

"மெதுவாப் பேசுங்க மதினி," என்றாள் திலகவதி. "இப்பத்தான் தூங்குது."