வரியின் ஓரத்தில் அவள் பெயர்

1.
இந்தக் கதை அலுவலகத்தில் எனக்கு வந்த ஒரு வேலையிலிருந்து தொடங்கியது. நீளமான ஒரு மெத்தடைச் சிறு சிறு மெத்தடுகளாகப் பிரிக்க வேண்டும். மெத்தட் என்றால், கணினி ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் நிரல்பகுதி. வந்த பார்சல் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதை இந்த மெத்தட் முடிவு செய்கிறது. எழுதியது என் மனைவி. அவள் இப்போது இல்லை.

(இந்த வாக்கியத்தைக் கதையின் கடைசியில் வைத்துப் பார்த்தேன். உங்களை ஏமாற்றுவது போலிருந்தது.)

2.
முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவளை முதன்முதலாக’

வேண்டாம். மழை இல்லை, ஏசிதான் ஓடியது. இடது பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கீபோர்டை அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘ரயில்’ என்று பெயர். அவள் எழுதும் மெத்தடில் எஞ்சின் கண்ணில் பட்டால் கடைசிப் பெட்டி படாது. பேச்சும் அப்படித்தான். பால் வாங்கப் போன கதையைத் தொடங்கினால் பால் வரைக்கும் வந்து சேரமாட்டாள்.

3.
கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் சண்டை இதைப் பற்றித்தான்.

“இதை அஞ்சா வெட்டேன்.”

“கேக்கா, வெட்டறதுக்கு?”

“படிக்க முடியல.”

“மேலேருந்து கீழே படி. நான் அப்படித்தான் எழுதினேன்.”

“நடுவுல தொலைஞ்சு போறேன்.”

“போனா கூப்பிடு. பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.”

4.
அந்த மெத்தடைப் புரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி, அவளைக் கேட்பது. இப்போது புதிதாக வந்தவர்கள் அதற்குள் தினமும் தொலைகிறார்கள். ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்தப்போய், ஒரு வண்டிப் பார்சல் முழுக்கப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.

[இங்கே நீண்ட நிரலின் தீமைகள் பற்றி ஒரு பத்தி இருந்தது. கட்டுரை வாடை அடித்தது.]

5.
நாங்கள் நிரல் எழுதும் எடிட்டரில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்தக் கோப்பில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். ஒரு வரியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் ஒட்டியவர் பெயர் வந்துவிடும். பழைய வரலாறு எங்கோ இருக்கும், தோண்டினால் கிடைக்கும். யார் தோண்டுவார்கள்?

டீம் லீட் எங்களைவிட மூத்தவர். நாசூக்காகத்தான் கேட்டார்.

“முடியலேன்னா சொல்லுப்பா. வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்.”

“யாருக்கு?”

“மொட்டைக்கு.”

“அவன் எல்லாத்துக்கும் தற்காலிகம் ஒண்ணு, தற்காலிகம் ரெண்டுன்னு பேர் வைப்பானே.”

“அப்ப நீயே பண்ணு.”

6.
பிரித்தேன்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். முகவரியைச் சரிபார். எடையைப் பார். வண்டியைத் தேர்ந்தெடு. ஒரு துண்டுக்கு மட்டும் பெயர் வரவில்லை. முகவரி அரைகுறையாக இருக்கும் பார்சலைத் திருப்பி அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருக்கச் சொல்லும் துண்டு அது. ஏன் ஒரு நாள் என்று புரியவில்லை. கேட்கலாமென்று இடது பக்கம் திரும்பினேன்.

[அடுத்த பத்தியை எடுத்துவிட்டேன்.]

‘பொறுத்துப் பார்’ என்று பெயர் வைத்தேன்.

7.
சோதனைகள் எல்லாம் பச்சை, எதிலும் பிழையில்லை. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே எதுவும் மாறக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் விதி. பார்சல்கள் முன்பு போன இடங்களுக்கே போகின்றன. என்னைப் பார்ப்பவர்களும், “அப்படியே இருக்கே” என்கிறார்கள்.

மாற்றிய நிரலை அனுப்பும் முன் ‘எழுதியவர்’ என்றொரு கட்டம். தானாக என் பெயர் வருகிறது. அழித்துவிட்டு யார் பெயரையும் போடலாம், கணினி கேள்வி கேட்காது.

முதல் முடிவு: என் பெயர். இனி தொலைகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். ஆனால் ஓரத்தில் அவள் இருக்கமாட்டாள்.

இரண்டாவது முடிவு: அவள் பெயர். ஓரம் அப்படியே இருக்கும். ஆனால் கடைசியில் அவள் என் கட்சிக்கு வந்துவிட்டதாகப் பதிவாகும். அவள் வரவே மாட்டாள்.

மூன்றாவது முடிவில் நான் அழுதேன். நடக்காததால் நீக்கிவிட்டேன்.

“ஆச்சாப்பா?” என்று லீட் எட்டிப் பார்க்கிறார்.

“ஒரு பேர்தான் பாக்கி.”

எங்கள் இருவரையும் நீங்கள் இப்போது கொஞ்சம் அறிவீர்கள். என் பெயரை அழித்து வைத்திருக்கிறேன்.

எழுதியவர்: [            ]