ஆஸ்பத்திரித் துண்டு

எனக்கு முன்கோபம் அதிகம். மாத்தளையில் என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் இடாப்பு விஷயத்தில் அது இன்னும் மோசம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளை டாக்டர் எழுதிய துண்டைக் கொண்டுவர வேண்டும். அதை இடாப்பில் ஒட்டிவைக்க வேண்டும். துண்டு இல்லையென்றால் பெயரை வெட்ட வேண்டும்; பெயர் வெட்டிய பிள்ளை பரீட்சை எழுத முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சட்டம் அது.

முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியா வந்தது. அந்தத் தை மாதம் ஏழு பெயர்களை வெட்டினேன். ஏழு பிள்ளைகளையும் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. அதில் ஒருவன் என் ஐந்தாம் வகுப்புப் பரிமளத்தின் அண்ணன்.

மாசியில் பரிமளமும் படுத்தாள். ஆறு நாள் கழித்து எலும்பும் தோலுமாக வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவிருந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். மறுநாள் பரீட்சை நடத்த இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"துண்டு எங்கே?"

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "தாயத்துக்குள்ள இருக்குங்கய்யா."

"விளையாடுறியா? போய் அம்மாவக் கூட்டிட்டு வா!"

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா கூடையோடு ஓடி வந்தாள்.

"இத தொலைச்சிறாத, பிள்ளைக்கு ரொம்ப முக்கியம்னு டாக்டரய்யா சொன்னாருங்க. பெரியவன் போயிட்டான், இவளுக்காவது காவலா இருக்கட்டும்னு தாயத்துல வச்சு மெழுகால அடைச்சேன். அன்னையிலருந்து காய்ச்சலே வரலைங்க."

"காய்ச்சல் போனது கொயினா மருந்தால, கிருஷ்ணம்மா."

"பெரியவனுக்கும் அதே மருந்துதாங்க குடுத்தாங்க."

சட்டத்தைச் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன். தாயத்தைத் திறந்தால் பலன் போய்விடும் என்பது மலையில் எல்லோரும் அறிந்தது.

அவள் மகளைப் பார்த்தாள். "பரீட்ச எழுதணுமா?"

பரிமளம் தலையாட்டினாள். கிருஷ்ணம்மா மகள் கழுத்துத் தாயத்தைக் கழற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லால் மெழுகைக் கடித்துத் திறந்து, துண்டை நீட்டினாள்.

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், மற்றப் பிள்ளையின் உயிர்க்காவலை அதன் படிப்புக்காக என் மேசையில் வைக்கிறாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு துணிச்சலை நான் எங்கேயும் கண்டதில்லை. அவள் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நின்றேன்.

மலேரியா, ஆறு நாள் ஓய்வு. துண்டில் அவ்வளவுதான் இருந்தது. இடாப்பில் அப்படியே எழுதிக்கொண்டு கோந்துப் போத்தலைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தாயத்துக் கூட்டுக்குள் வைத்து, பரீட்சைக் கட்டுகளுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கி அடைத்தேன்.

"இது கவர்மெண்டு அரக்கு. மெழுக விடக் கெட்டி" என்றேன்.

கிருஷ்ணம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மகள் கழுத்தில் கட்டினாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் இடாப்பில் விரலை வைத்தார். "இந்தப் பிள்ளையின் துண்டு எங்கே?"

முன்வரிசையில் பரிமளம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்பு அரக்கு தெரிந்தது.

"வேலையில இருக்கு, சேர்" என்றேன்.