லேப்டாப்புக்குக் கட்டிய ரிப்பன்

லேப்டாப்புக்கும் ரிப்பன் கட்டலாம் என்பதை அன்றைக்குத்தான் வேல்குமாரின் சொந்தபந்தங்கள் பார்த்தார்கள். மூடிய லேப்டாப்பைக் குறுக்கே சுற்றி, மேலே பூ முடிச்சுப் போட்டு, சந்தனப் பொட்டும் வைத்திருந்தது. கல்யாண மண்டபம், குத்துவிளக்கு, இட்லி, பொங்கல், கேசரி. மாமன் மச்சான் ஒருவர் விடாமல் பேர் போட்ட பத்திரிகை. பனியன் முதலாளிகள் சங்கத் தலைவர் ரிப்பனை வெட்டி லேப்டாப்பைத் திறந்தார். அது பாஸ்வேர்டு கேட்டது. தவில்காரர் சமயம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டி மானத்தைக் காப்பாற்றினார்.

இப்படியாக, வேல்குமார் கம்பெனியின் 'குட்டிமயில்' குழந்தைகள் பனியனுக்குச் சொந்த வெப்சைட் பிறந்தது.

எல்லாம் அருள்செல்வன் ஏற்பாடு. பிராண்ட் ஆலோசகர். பனியனாலேயே பிழைக்கிற திருப்பூரில், அடிக்கிற வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற ஆள். "அடுத்தவன் சந்தைல விக்கற வரைக்கும் நீங்க வாடகைக் குடித்தனம்ணா. இது சொந்த ஊடு. ஆணி அடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் வேல்குமாரைக் கவிழ்த்துவிட்டான்.

கவிழவும் காரணம் இருந்தது. ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் விற்று, கமிஷன் அழுது, பால் கறை பட்ட பனியனைக்கூட 'சைஸ் சரியில்லை' என்று திரும்ப வாங்கி, புகார் செய்தால் 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்ற பதிலைப் படித்துப் படித்து அவர் நொந்துபோயிருந்தார். மேடையில் மைக்கைப் பிடித்து, "இன்னையோட அடிமைத்தனம் ஒழிஞ்சுதுங்க!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் குடோன் ஞாபகம் வந்தது.

குடோனில் தீபாவளிச் சரக்கு கூரை வரை நின்றது. அதைத் தங்கள் தீபாவளி விற்பனைக்கு ஒதுக்கச் சம்மதமா என்று அந்தச் சந்தை கேட்டிருந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் போனில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் சரக்கெல்லாம் அவர்களுக்கு. சொந்தக் கடையில் காட்டக் கொஞ்சம்தான் மிஞ்சும். அழுத்தாவிட்டால் எல்லாவற்றையும் வெப்சைட்டே விற்றாக வேண்டும். விற்காமல் தேங்கினால், ஊருக்குப் போகிற டெய்லர்களிடம் தீபாவளி முடிந்து திரும்பி வராதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்ப வேண்டும்.

கம்பெனிக்கு வந்து உட்காரவில்லை, போனில் கோயில் மணி அடித்தது. ஆர்டர் வந்தால் அடிக்கும்படி அருள்செல்வன் வைத்தது. மறுபடி அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பூசை நேரம்போல விடாமல் அடித்தது.

"பாத்தீங்களாண்ணா, பிராண்டோட இழுப்பு! இனி எதுக்கு அந்தப் பொத்தான்?" என்றான் கூடவே வந்திருந்த அருள்செல்வன்.

வேல்குமாரின் மனைவி மதுமதி பேக்கிங் மேசையில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எல்லாரும் ஒவ்வொரு பனியனாத்தானே வாங்கறாங்க? ஒருத்தராச்சும் ரெண்டு கேக்கலீங்களே."

"ட்ரயல் ஆர்டருங்க அக்கா. கஸ்டமர் சைக்காலஜி" என்றான் அருள்செல்வன்.

"வெள்ளகோவில் மாரப்ப மாமாவும் போட்டிருக்காரு. ரெண்டு வயசு சைஸு. அவரு ஊட்டுல ஏதுங்க கொழந்தை? பேரனே காலேஜ் போறான்."

வேல்குமாருக்குச் சுருக்கென்றது. மாமாவுக்குப் போன் போட்டார்.

"மாமா, பனியன் யாருக்குங்க?"

"யாருக்கோ இருந்துட்டுப் போகுது மாப்ளே. முட்டிவலி, விசேஷத்துக்கு வர முடியல. பத்திரிகைல எம் பேரெல்லாம் போட்டிருந்தீங்க, கம்முனு இருந்தா நல்லாருக்குமுங்களா? எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வந்து செஞ்சீங்கல்ல. அதான், பேரனை உட்டு அமுக்கச் சொன்னேன். பேரு சரியா உழுந்துச்சுங்களா?"

"உழுந்துச்சுங்க மாமா."

"அப்பச் சரி. பனியன் அனுப்பாட்டியும் பரவாயில்லீங்க."

அடுத்து, பெரியம்மா பொன்னாத்தாள். "மொய்யெல்லாம் இனிமேலு போன்லயே வாங்கிக்கறயாமா? நல்ல வசதி கண்ணு. கவர் தேட வேண்டியதில்ல."

வேல்குமார் போனை மேசையில் வைத்தார். அது உடனே மணி அடித்தது.

"அண்ணா, இதுக்குப் பேரே கம்யூனிட்டி மார்க்கெட்டிங்" என்றான் அருள்செல்வன், கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

"எங்கூர்ல மொய்யின்னு சொல்லுவாங்க தம்பி" என்றாள் மதுமதி.

ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஏறிக்கொண்டே போன பெயர்களில் தெரியாத பெயர் ஒன்றாவது இருக்காதா என்று வேல்குமார் தேடினார். சகலை, சம்பந்தி, சகலையின் பங்காளி. சொந்தம் இவ்வளவு பெரியதாக இருப்பது அவருக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

"இந்தச் சித்ரகலா யாருங்க?" என்றாள் மதுமதி. "தஞ்சாவூரு. ஆறு பனியன். அங்க நமக்கு ஆளே இல்லீங்களே?"

இத்தனை வருஷத்தில் வேல்குமார் ஒரு கஸ்டமரிடமும் நேராகப் பேசியதில்லை. ஆர்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"குட்டிமயிலுங்களா? நீங்களே பேசுறீங்களா சார்!" என்றது அந்தக் குரல். "பையனுக்குக் கழுத்துல லேபிள் உரசினா சிவந்துபோயிடும். நீங்க லேபிள் தைக்காம பனியன்லயே அச்சடிக்கறீங்க இல்ல, அது ஒத்துக்குது. எப்பவும் அந்தப் பெரிய சந்தையிலதான் வாங்குவேன். இன்னைக்கு அங்க இந்த சைஸ் இல்ல. பனியன்ல இருந்த பேரை வச்சுத் தேடினேன்."

"ரொம்பச் சந்தோசங்க."

"அங்க விக்கறதை விட்டுடாதீங்க சார். என் நாத்தனாருக்கெல்லாம் அங்கதான் வாங்கத் தெரியும். அப்புறம், சைஸ் சரியில்லன்னா அவங்க வீட்டுக்கே வந்து எடுத்துக்குவாங்க. உங்ககிட்ட எப்படி?"

வேல்குமார் அருள்செல்வனைப் பார்த்தார். அருள்செல்வன் லேப்டாப்பைத் திருப்பினான். 'எங்கள் பயணம்' என்ற பக்கத்தில் வேல்குமார் கைகளைக் கட்டிக்கொண்டு நாலு கோணத்தில் நின்றார். 'திரும்ப அனுப்ப' என்ற பக்கத்தில் 'விரைவில்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

"எனக்கே போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பண்டல்களுக்கு நடுவே யாரும் பார்க்காத இடமாகப் போய் நின்றார். காலையில் மைக் பிடித்த கையாலேயே பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சிக்னல் ஒரு கோடு காட்டியது, அதுவும் போனது. குடோன் தகரக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே ஓடிவந்து, முருகா முருகா என்று போனை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்தார். வட்டம் நின்றது. 'அன்பான விற்பனையாளரே, உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது.'

மூச்சு வந்தது. கூடவே கமிஷனும், பால் கறையும், மேடைப் பேச்சும் ஞாபகம் வந்தன. வாசலில் அருள்செல்வன் யாரிடமோ போனில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தான்: "அண்ணன் இனி அந்தப் பக்கமே திரும்ப மாட்டாருங்க."

உள்ளே மதுமதி கேட்டாள். "அமுக்கீட்டீங்களா?"

"ம்."

"அப்ப வெப்சைட்ட மூடிரலாமுங்களா?"

"மூடறதா? மொய் வாங்கீட்டு எப்படி மூடறது? அனுப்பர்பாளையம் சித்தப்பா அடுத்த மாசம் பாத்திர வெப்சைட் தொறக்கறாராம். பத்திரிகை வந்திருச்சு."

"அப்ப நாம ஒரு குண்டா வாங்கோணும்" என்றாள் அவள்.

வேல்குமார் தஞ்சாவூர்ப் பார்சலைப் பிரித்து, ஆறு பனியனின் கழுத்தையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதி உள்ளே வைத்தார்.

கோயில் மணி மறுபடி அடித்தது.

"யாருங்க?" என்றாள் மதுமதி. "கஸ்டமருங்களா, சொந்தமுங்களா?"

வேல்குமார் பார்சலை ஒட்டி முடித்துவிட்டுத்தான் போனைத் திருப்பினார்.