பிள்ளையில்லாத தாய் என்று ஒரு கடிதம்

கிராமப் பதிவுகளைப் பார்க்கும் விதானையார் இளையதம்பி நிவாரண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லூர்த்தம்மா, வயது அறுபத்துமூன்று. மகள் பெர்னடெட், வயது இருபத்தாறு. இரண்டு பேருக்குக் கோதுமை மா, சீனி, பருப்பு. தொண்ணூறில் ஷெல்லுக்குப் பயந்து குருநகரிலிருந்து ஓடிவந்து, இரண்டு வருடமாக நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

பெர்னடெட் கடிதத்தை மேசையில் வைத்தாள். நோர்வேயில் மீன் வெட்டும் அண்ணன் கிறகோரி எழுதியது. கொழும்பு சுற்றி வர மூன்று மாதம் எடுத்திருந்தது. அங்கே வயதானவர்களுக்கு ஊசி, கட்டில், குளிப்பாட்ட ஆள் எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பாம். தாயை அங்கே கூப்பிட்டு எடுக்கலாம். ஆனால் ஊரில் தாய்க்கு வேறு பிள்ளை இருக்கக்கூடாது. அதற்கு விதானையாரின் கடிதம் வேண்டும். கடைசி வரியில், ‘தங்கச்சி, நீ எப்பிடியும் சமாளிப்பாய்’ என்று இருந்தது. அந்த வரியை அவள் தாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. பிள்ளை இருக்கக்கூடாது என்பதையும் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துக்கு என்று சொல்லித்தான் கூட்டிவந்து வாங்கில் உட்காரவைத்திருந்தாள். தாய்க்கு நீரிழிவு. இன்சுலின் பத்து நாளைக்குத்தான் காணும். தாண்டிக்குளத்து ஆமிச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் மருந்து வருவதில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். விதானையாரின் கடிதம் இருந்தால்தான் கொழும்புக்குப் போகப் பாஸ் கிடைக்கும்; விசா வரும்வரை அங்கே மருந்து வாங்கலாம்.

“அவங்கடை அரசாங்கம் ஆளில்லாட்டித்தான் பாக்கும். எங்கடை அரசாங்கம் ஆளை எண்ணித்தான் மா தரும். ரெண்டுக்கும் ஒரே அட்டையைக் கொண்டு வந்திருக்கிறாய், பிள்ளை,” என்றார் விதானையார்.

“என்ரை பேரை வெட்டிவிடுங்கோ ஐயா.”

என்ன காரணம் எழுதி வெட்டுவது என்று அவர் கேட்டார். வன்னிக்குப் போனாள் என்று எழுதினால், வன்னியும் இலங்கைதானே என்று நோர்வேக்காரன் கேட்பான்.

“செத்தது எண்டு எழுதுங்கோ. ஷெல்லடியிலை செத்ததுக்கு இஞ்சை ஆரும் டொக்டரிட்டை மரணத் துண்டு கேக்கிறேல்லை.”

விதானையார் பேனையைக் கீழே வைத்தார். செத்தவளுக்கு மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, நாளைக்குக் கலியாண எழுத்துக்கு வந்தாலும் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அதையெல்லாம் அவள் ஒரு கிழமையாக யோசித்திருந்தாள். மா இல்லாமல் எத்தனை நாள் என்று தெரியாது. இன்சுலின் இல்லாமல் எத்தனை நாள் என்று தெரியும்.

ஆனால் தாய்தான் வாயால் சொல்லிப் பெருவிரல் வைக்கவேண்டும். அவர் வாங்குப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, உங்களுக்கு மகள் இருக்கிறாவோ?”

லூர்த்தம்மா மகளைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“உவளிட்டையே கேளுங்கோ.”

“செத்திட்டன் ஐயா,” என்றாள் பெர்னடெட். “எழுதுங்கோ.”

விதானையார் எழுதினார். எழுதி முடித்து மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார். பெர்னடெட் தாயின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. பெருவிரல் மற்ற நான்கு விரல்களுக்குள்ளே மடிந்து கிடந்தது. அவள் சுண்டுவிரலை நிமிர்த்தினாள், அடுத்ததை நிமிர்த்தினாள். மூன்றாவதுக்குப் போகுமுன் சுண்டுவிரல் மறுபடி மடிந்தது.