நிப்பாட்டி

இடது கை முடிந்து வலது கையின் கட்டைவிரலுக்கு வந்தபோது மாமனார் கையை இழுத்துக்கொண்டார்.

"மெதுவா வெட்டு. சதையோட எடுத்துடாதே."

"நீங்க ஆட்டாம இருந்தா நான் ஏன் சதையை வெட்டப் போறேன், மாமா?"

மருமகள் அந்தக் கையை மறுபடி தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நகவெட்டியின் சத்தத்தைவிட அவருடைய மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். காலையில் வந்த நர்ஸ் அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்று யாரும் வெளியே போகவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இரவெல்லாம் விழித்திருந்த மகன் பக்கத்து அறையில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மருமகளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அது முடியவில்லை. எதை ஆரம்பித்தாலும் அவர் கேலியில் கொண்டுபோய் விடுவார், அவளும் சளைக்காமல் பதில் கொடுப்பாள், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். இன்று விட்டால் இனி எப்போது சொல்வது?

அவள் இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு ரோபோவின் புண்ணியத்தில்தான். மாமனார் வேலை பார்த்த ஆலையில் புதிதாக ஒரு வெல்டிங் ரோபோவை அமைத்தார்கள். அதன் முன்னால் ஒரு சுழலும் மேசை. இந்தப் பக்கம் ஆள் நின்று இரும்புத் துண்டுகளை மாட்டுவார், அந்தப் பக்கம் ரோபோ பற்றவைக்கும். பட்டனை அமுக்கினால் மேசை அரை வட்டம் திரும்பும். மாட்டியது அங்கே போகும், பற்றவைத்தது இங்கே வரும். திரும்பும் நேரத்தில் யாராவது கையை நீட்டிவிட்டால் என்ன ஆவது? அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை. கை குறுக்கே போனால் மேசை நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டையெல்லாம் சரிசெய்து கையெழுத்துப் போட வெளியிலிருந்து வந்தவள்தான் இவள். வேலைக்குப் புதுசு. தொட்டதற்கெல்லாம் மெஷினை நிறுத்தச் சொன்னாள் என்று ‘நிப்பாட்டி’ எனப் பெயர் வைத்தவர் மாமனார்தான். ஒரே நாளில் ஆலை முழுக்க அது ஒட்டிக்கொண்டது.

முன்பு வந்தவர்கள் வெறும் மேசையைச் சுற்றவிட்டுப் பார்த்துப் போதும் என்றிருந்தார்கள். அவள் பாரம் எல்லாம் ஏற்றிச் சுற்றவிட்டாள். பாரத்தோடு அந்த மேசை சட்டென்று நிற்கவில்லை. திரையைக் கடந்த கை மேசையைப் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சம் திரும்பிவிட்டுத்தான் நின்றது. திரையை ஒரு கை நீளம் பின்னால் தள்ளியே ஆகவேண்டும் என்றாள். தள்ளினால் ஒவ்வொரு துண்டுக்கும் கூடுதலாக நடக்க வேண்டும், வேலை குறையும். மேனேஜர் நயமாகவும் சொல்லிப் பார்த்தார், முறைத்தும் பார்த்தார். ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். அவளும் தளர்ந்துபோய், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டாள். அப்போதுதான் மாமனார் தன் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

"இந்தப் பொண்ணு சரின்னு சொல்ற வரைக்கும் நான் பட்டனைத் தொடமாட்டேன்."

அவர் மூத்த ஆள். அவர் தொடாததை வேறு யாரும் தொடமாட்டார்கள். திரை பின்னால் போயிற்று. அன்று மாலை அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அப்போது கதவைத் திறந்தவன்தான் இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறான்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இன்னிக்காவது உப்புப் போட்டுச் சாப்பிடலாம்னு சொல்லு."

"விளையாடாதீங்க. அன்னிக்கு நீங்க எனக்காக நிக்கலேன்னா நான் கையெழுத்தைப் போட்டிருப்பேன். அதுக்கு இதுவரைக்கும் ஒரு நன்றி கூட சொல்லல."

மாமனார் கூரையைப் பார்த்தார். பேச்சுக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"உனக்காக நின்னேன்னு யார் சொன்னா?"

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குக் காலைல, நீ வர்றதுக்கு முன்னாடி, மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்துட்டு இருந்தேன். ஒரு துண்டு கோணலா உக்காந்திருந்துச்சு. மேசை திரும்பிட்டு இருக்கும்போதே கையை நீட்டிட்டேன். அதான் திரை இருக்கே, நின்னுடும்னு ஒரு தைரியம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நிக்கல. சட்டைக் கையைக் கவ்விடுச்சு. துணி கிழிஞ்சதால கை தப்பிச்சுது."

மருமகள் தன் மடியிலிருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா, கிழவனுக்குக் கண்ணு தெரியலன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். மதியம் நீ வந்து, இது நிக்கமாட்டேங்குதுன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்ன பாரு. என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. இவ எனக்கு நன்றி சொல்றாளாம்."

ஜன்னலோரத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "ஆணியில மாட்டிக் கிழிஞ்சதுன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"ஆணியில மாட்டினா தோள் வரைக்குமா பிஞ்சு வரும்? தைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அப்பவே கேக்கவேண்டியதுதானே?"

"கேட்டுட்டு, மறுநாள் எப்படி உங்களை வேலைக்கு அனுப்புவேன்? சாயங்காலம் இவளைக் கூட்டிட்டு வந்து இவ தட்டுல நீங்களே அள்ளி அள்ளி வெச்சீங்க. பெத்த பிள்ளைக்கு ஒருநாள் பரிமாறினது இல்ல. அப்பவே எனக்கு விளங்கிடுச்சு."

மாமியார் துணியை வைத்துவிட்டு எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மருமகளின் மடியிலிருந்த அந்த வலது கையை எடுத்து விரல் விரலாகத் தடவினாள்.

"இத்தனை வருஷம் இந்தக் கையை முழுசா எனக்கு விட்டு வெச்சியேம்மா. நல்லா இரு."

மருமகளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"சரி சரி," என்றார் மாமனார். "மிச்ச நகத்தை வெட்டப் போறியா, இதையும் பாதியில நிப்பாட்டப் போறியா?"

அழுகையோடு சிரித்துக்கொண்டே வெட்டினாள். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் அவர் உறங்கிவிட்டார். வீடுகளில் விளக்குப் போடும் நேரத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. மகனை எழுப்பினாள். அவன் ஓடி வந்து, "அப்பா, நான்தான்," என்று காதருகே சொன்னான். அவர் இமை அசைந்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு வந்த மூச்சு கடைசி மூச்சு. மாமியார் நெடுநேரம் அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் காலை ஆலையிலிருந்து ஃபோர்மேனும் பழைய ஷிஃப்ட் ஆட்களும் வந்தார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது. படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டும். மகன் முன்னால் பிடித்தான், ஃபோர்மேனும் மற்றவர்களும் பக்கங்களில். முதல் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. இப்படிச் சாய், அப்படித் தூக்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முன்னாலேயே இறங்கியிருந்த மருமகள் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள். ஒருவருடைய விரல்கள் கைப்பிடிக் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்தன.

"நில்லுங்க," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பேச்சு அடங்கிவிட்டது. அவள் நாலு படி ஏறிப் போய் அந்த விரல்களை எடுத்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள். காய்கறிப் பையோடு கீழிருந்து ஏறி வந்த பெண்ணைக் கதவோரம் ஒதுங்கச் சொன்னாள். ஃபோர்மேனின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. பாரம் எல்லோர் கைகளிலும் இருந்தது. ஆனாலும் ஒருவர்கூட முனகவில்லை, அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தப் பக்கம் உள்ள கைகளைப் பார்த்தாள். குனிந்து அந்தப் பக்கம் உள்ளவற்றையும் பார்த்தாள்.

"ம், இப்போ திருப்புங்க."

பெட்டி மெல்லத் திரும்பியது.